நடுங்கினாலும் குடும்பத்துக் கை

எங்கள் முதியோர் இல்லத்தில் இன்சுலின் ஊசி போட மூன்று வகைக் கைகளுக்குத்தான் அனுமதி இருந்தது. டாக்டர் கை, நர்ஸ் கை, குடும்பத்தார் கை. டாக்டர் எப்போதாவது மலையடிவாரம் வரைக்கும் வந்து, எங்கள் எல்லோர் நாக்கையும் வரிசையாகப் பார்த்துவிட்டு, போகிறபோது வாசல் மரத்தில் புளி உலுக்கியாயிற்றா என்று விசாரித்துவிட்டுப் போவார். நர்ஸ் வேலூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். இங்கே கொடுத்த சம்பளத்தில் அவருடைய ஸ்கூட்டர் மட்டும்தான் வயிறாரக் குடிக்க முடிந்தது. மிஞ்சியது குடும்பத்தார் கை. என் மனைவிக்கு இந்த உலகத்தில் குடும்பம் என்று இருப்பது நான் ஒருவன்தான். ஆகவே என் கை.

அந்தக் கையின் யோக்கியதையைச் சொல்லிவிடுகிறேன். ஆலங்காயத்தில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் வைத்திருந்தவன் நான். மெஷின்களையெல்லாம் பழைய இரும்புக்காரனுக்குத் தள்ளிவிட்ட பிறகும் விரல்களுக்குச் செய்தி போய்ச் சேரவில்லை. அவை இன்னமும் அடித்துக்கொண்டே இருக்கின்றன. டீ டம்ளரைப் பிடித்தால் டம்ளர் மேல் ஒரு விண்ணப்பம் அடிக்கும். வாய்க்கு ஸ்பூன் கொண்டுபோனால் மூக்கில் இரண்டு வரி அடித்துவிட்டுத்தான் வாய்க்கு வரும். நரம்பு டாக்டர் இதற்கு நீளமாக ஒரு பெயர் சொன்னார். நான் வைத்திருக்கும் பெயர் ‘ஹையர் ஸ்பீடு’. இளமையில் அந்தப் பெயருள்ள டைப்ரைட்டிங் பரீட்சையில் இரண்டு தடவை கோட்டை விட்டவன். இப்போது வைத்தால் மாநிலத்தில் முதலாவதாக வருவேன்.

மனைவிக்குச் சர்க்கரை கண்ணுக்குள் போய்விட்டது. வெளிச்சம், நிழல், ஆள் நடமாட்டம் தெரியும். சிரிஞ்சில் உள்ள கோடு தெரியாது. கஞ்சி வடிக்கிறேன் என்று ஒருநாள் காலில் வடித்துக்கொண்டாள். பிள்ளைகள் இல்லாத வீட்டில் அதற்கு மேல் என்ன இருக்கிறது, இருக்கிற சாமானை அக்கம்பக்கத்தில் கொடுத்துவிட்டு இங்கே வந்து சேர்ந்தோம். இந்த இல்லத்தைத் தேடி வந்ததற்கு ஒரே காரணம், இந்தப் பக்கத்தில் புருஷன் பெண்டாட்டிக்குச் சேர்த்து ஒரு அறை கொடுக்கிற இல்லம் இது ஒன்றுதான். மற்ற இடங்களில் ஆண்கள் ஒரு வாசல், பெண்கள் ஒரு வாசல். கிட்டத்தட்ட பள்ளிக்கூடக் கழிப்பறை மாதிரி.

எங்களைப் பார்த்துக்கொண்ட உதவியாளப் பெண் புதூர்நாட்டுப் பக்கம் ஒரு மலைக்கிராமத்திலிருந்து இறங்கி வந்தவள். குளிப்பாட்டுவது, துணி மாற்றுவது, நடக்க வைப்பது, சண்டை விலக்குவது எல்லாம் அவள்தான். மாத்திரைகளைப் பிரித்து வேளை வேளைக்கு வாயில் போடுவதும் அவள்தான். மாத்திரை என்றால் அவள் கை, ஊசி என்றால் என் கை. கல் மாதிரி நிற்கிற கை மாத்திரைக்கு, காற்றில் ஆடுகிற கை ஊசிக்கு. இந்த விதியை எழுதியவர்கள் எங்கள் இருவர் கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை.

நர்ஸ் போன மறுநாள் நான் மருந்துப் புட்டியைக் கையில் எடுத்தேன்.

“குலுக்காதீங்க மாஸ்டரு. கையில வெச்சி மெல்ல உருட்டணும்னு சிஸ்டர் சொன்னாங்க இல்ல?” என்றாள் உதவியாளப் பெண். ஆலங்காயத்துக்காரர்கள் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு அவளுக்கும் நான் மாஸ்டர்.

“நான் எங்கம்மா குலுக்கறேன்? அது தானா குலுங்குது.”

“கட்டிகினதுலேர்ந்து இதே பேச்சுதான்” என்றாள் கட்டிலில் இருந்த என் மனைவி. “எதத் தொட்டாலும் தானா ஆயிடுச்சிம்பாரு. சீக்கிரம் குத்துங்க, பசிக்குது.”

குத்தினேன். முதலில் என் கட்டைவிரலில், அப்புறம் அவள் புடவையில், அதற்கப்புறம் மெத்தையில். மெத்தைக்குச் சர்க்கரை இருந்திருந்தால் அன்றைக்கு நன்றாகக் குறைந்திருக்கும். நாலாவதாக எப்படியோ வயிற்றில் இறங்கியது. மனைவி பல்லைக் கடித்துக்கொண்டு, “வெண்டைக்காயா அரியறீங்க?” என்றாள். அவள் சொன்னது சிரிப்புக்குத்தான். ஆனால் கண்ணோரம் தண்ணீர் இருந்தது. மருந்து சரியாகப் போனதா, பாதி வழிந்ததா என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியவில்லை.

அன்று சாயங்காலம் நான் உதவியாளப் பெண்ணிடம் கேட்டேன். “சின்னப் பசங்களுக்கு எழுதப் பழக்குறப்போ கைமேல கை வெச்சி ‘அ’ போடுவாங்களே, அந்த மாதிரி என் கைமேல உன் கைய வெச்சிக்கயேன்.”

“வேல பூடும் மாஸ்டரு.”

“ஊசியப் புடிச்சிருக்கறது யாரு? நானு. குடும்பத்தாரு. நீ என்னைத்தானே புடிச்சிருக்க? கெழவன் வுழாம இருக்கப் புடிச்சேன்னு சொல்லு.”

அவள் கதவைச் சாத்திவிட்டு வந்து என் கைமேல் கை வைத்தாள். நடுக்கம் அடங்கியது. பாம்புப் பிடாரன் கூடையை மூடியதுபோல. ஊசி போனதே மனைவிக்குத் தெரியவில்லை. “இன்னும் இன்னா பண்றீங்க, போடுங்க” என்றாள்.

இப்படியே கொஞ்ச காலம் ஓடியது. காலையிலும் மாலையிலும் சாப்பாட்டு மணியடித்ததும் கதவைச் சாத்துவோம். விதிப்படி என் கை, நிஜத்தில் அவள் கை. கல்யாணத்தில் தாலி கட்டும்போதுகூட என் பின்னால் இவ்வளவு ஒத்தாசை இருந்ததில்லை.

இல்லத்தை நடத்தும் டிரஸ்டின் செயலாளர் வாணியம்பாடியிலிருந்து வாரம் ஒருமுறை வருவார். நல்ல மனிதர். என் ஜோக்குகள் ஒவ்வொன்றுக்கும் சிரிப்பார். சிரித்து முடித்துவிட்டு, வரும்போதே என்ன முடிவு செய்துகொண்டு வந்தாரோ அதைச் செய்வார். ஒருநாள் சாப்பாட்டுக் கூடத்தில் நான் ரசம் குடிக்கும் அழகைப் பார்த்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“மாஸ்டர், இந்தக் கையோடயா அம்மாவுக்கு ஊசி போடறீங்க?”

“கையெழுத்து வாங்காதீங்க சார், அதுக்குத்தான் லாயக்கில்ல. ஊசின்னா நிக்கும்.”

சிரித்தார். “கண்ணமங்கலம் பக்கத்துல நம்ம இன்னொரு இல்லம் இருக்கு. அங்க நர்ஸ் எப்பவும் இருக்காங்க. அம்மாவ அங்க மாத்திடலாம்.”

“நானும் வர்றேன்.”

“அது லேடீஸ் இல்லம் மாஸ்டர்.”

“புடவ கட்டிகினு வர்றேன் சார். மீசையத்தானே எடுக்கணும்?”

அதற்கும் சிரித்தார். போகும்போது, “யோசிங்க” என்று தோளில் தட்டினார். தட்டிய விதத்தில் யோசிப்பதற்கு ஒன்றும் பாக்கி இல்லை என்று தெரிந்தது.

அதன் பிறகு அவர் வரும்போதெல்லாம் நான் அவர் பின்னாலேயே போனேன். தோட்டம் பார்க்கப் போனால் தோட்டத்துக்கு, கிணறு பார்க்கப் போனால் கிணற்றுக்கு. கிணற்றடியில் கொஞ்சம் ஒதுங்கியே நின்றார், பாவம். என் கேள்வி ஒன்றே ஒன்று. குடும்பத்தார் என்றால் யார்? நான் எந்த ஆஸ்பத்திரியில் ஊசி படித்தேன்? தாலி கட்டினவன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி கிடையாது. ஒருத்தியை முறையாக ஆஸ்பத்திரிக்கு அனுப்பிப் படிக்க வைத்து, டாக்டரே பரீட்சை வைத்து, சரி என்று சொன்ன பிறகு அவள் போட்டால் என்ன குறைந்துவிடும்? இந்த மலையடிவாரத்துக்கு எந்த நர்ஸ் வந்து தங்கப் போகிறாள்? வந்தவர்கள் எல்லோரும் பஸ் வசதி உள்ள ஊருக்குப் போய்க்கொண்டுதானே இருக்கிறார்கள்?

கடைசியில் டிரஸ்டின் கமிட்டி கூடிப் பேசி ஒப்புக்கொண்டது. பயிற்சி பெற்ற உதவியாளர்கள் இன்சுலின் போடலாம். ஒரு நிபந்தனை மட்டும். சர்க்கரை நிலையாக இருப்பவர்களுக்குத்தான் அவர்கள் போடலாம்; ஏறி இறங்குகிறவர்களுக்கு நர்ஸ்தான் போட வேண்டும். கமிட்டிக்கு யோசனை சொன்ன டாக்டர் வைத்த நிபந்தனை அது. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. எனக்கும் அப்போது நியாயமாகத்தான் பட்டது. பரீட்சையில் கேள்வித்தாளின் அடியில் பொடி எழுத்தில் இருப்பதைப் படிக்காமல் அடிக்க ஆரம்பிக்கும் மாணவர்களை நானே எத்தனை பேரைத் திட்டியிருக்கிறேன்.

உதவியாளப் பெண் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பயிற்சி எடுத்தாள். ஊசி போட்டுப் பழக உப்புத் தண்ணீரையும் கத்தரிக்காயையும் வைத்துக்கொண்டு சமையலறையில் உட்கார்ந்திருப்பாள். அந்த வாரம் முழுக்க எங்களுக்குக் கத்தரிக்காய்க் குழம்பு. குழம்பில் உப்பே போட வேண்டியதில்லை என்றாள் சமையற்காரி. டாக்டர் வந்து பரீட்சை வைத்தார். பாஸ். ஊசியை விட என்னைச் சமாளிப்பதுதான் கஷ்டமான பாடம் என்று அவள் டாக்டரிடம் சொன்னதாகக் கேள்வி.

முதல் நாள் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு போட்டாள்.

“போட்டாச்சா?” என்றாள் மனைவி.

“போட்டாச்சிம்மா.”

“நெஜமாவா? இவரு போட்டா பக்கத்து ரூமுக்கே தெரியும்.”

நான் ஜன்னலோரம் உட்கார்ந்து மலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சந்தோஷம்தான். ஆனால் வேலையிலிருந்து நிறுத்தப்பட்டவனுக்கு ஒரு முகம் வருமே, அது வந்துவிட்டது போலிருக்கிறது. எப்படித்தான் அவளுக்குத் தெரிந்ததோ. “இன்னாங்க, கை சும்மாதானே கீது? இங்க குடுங்க” என்று வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். அது அவள் மடியிலும் அடித்துக்கொண்டே இருந்தது.

ஒரு மாதம் பார்க்கலாம், சர்க்கரை நிலையாக இருந்தால் இதையே தொடரலாம் என்றார் டாக்டர். ஒரு மாதம் அவள் நிலையாக இருந்தால் எங்களுக்கு அந்த அறை. அவ்வளவுதான் கணக்கு. மனைவி ஒரு துண்டு பலாச்சுளையைக்கூடத் தொடவில்லை. பலாப்பழ சீசனில், மலையிலிருந்து ஜீப் ஜீப்பாகப் பழம் இறங்குகிற ஊரில், இதை விரதம் என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வது? நான் வராந்தாவில் உட்கார்ந்து தின்றுவிட்டு வாயைக் கொப்பளித்துக்கொண்டுதான் உள்ளே வருவேன். “எத்தினி சுள?” என்பாள். வாசனையிலேயே எண்ணிவிடுவாள்.

நிலையில்லாமல் இருந்தது வேறொன்று. எங்கள் இல்லத்தில் சாப்பாடு போடுவது பாதி டிரஸ்ட், பாதி பிறந்தநாள். யாருக்காவது பிறந்தநாள், கல்யாண நாள், செத்தவர் நினைவு நாள் என்றால் அன்றைக்கு ஒரு வேளைச் சாப்பாடு அவர்களுடையது. அன்று இங்கே அடுப்பு மூட்ட மாட்டார்கள். அவர்கள் வரவேண்டும், நாங்கள் கைதட்டிப் பாட வேண்டும், கேக் வெட்ட வேண்டும், எங்களில் கொஞ்சம் லட்சணமானவர்களாகப் பார்த்து வாயில் ஊட்டிவிடுவார்கள், அதைப் போட்டோ எடுத்த பிறகுதான் இலை விழும். என்னைப் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். கேக் போகிற திசை கேமராவுக்கே புரியாது. கிண்டல் செய்கிறேனே தவிர, அந்தச் சோறு இல்லையென்றால் எங்கள் பாடு திண்டாட்டம்தான். அதனால்தான் யாரும் எதுவும் சொல்வதில்லை.

மாதம் முடியும் தறுவாயில் ஒரு மாலை, செயலாளரின் பேத்திக்குப் பிறந்தநாள். ராத்திரிச் சாப்பாடு அவர்களுடையது. பிரியாணி என்று காலையிலேயே செய்தி பரவி, பல்செட் இல்லாதவர்கள்கூடப் பல்செட்டைத் தேடிக்கொண்டிருந்தார்கள். பொழுது சாயும் நேரத்தில் வாசலில் வேன் சத்தம் கேட்டது. சமையற்காரி, “சாப்பாடு வந்துடுச்சி” என்று மணியை அடித்துவிட்டாள். உதவியாளப் பெண் ஊசியைப் போட்டாள். ஆஸ்பத்திரியில் அவளுக்குச் சொல்லியிருந்தார்கள், சோற்றைக் கண்ணால் பார்த்த பிறகு போடு என்று. அவள் வேனைத்தான் பார்த்தாள். இங்கே வேன் என்றால் சோறு. எங்களில் யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்போம்.

வேனில் வந்தது பலூனும் கேக்கும் உறவுக்காரர்களும். பிரியாணி வேறு வண்டியில் வாணியம்பாடியிலிருந்து வந்துகொண்டிருந்தது. பேத்தியும் அந்த வண்டியில்தான். தூங்கிவிட்டாளாம், எழுந்து புது கவுன் போட நேரமாகிவிட்டதாம்.

கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். மேசை நடுவில் கேக். என் மனைவியை முன்வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். அவள் நல்ல லட்சணம். கொஞ்ச நேரத்தில் அவள் என் முழங்கையைப் பிடித்தாள். விரல்கள் சில்லென்று இருந்தன.

“இன்னாங்க, வேர்க்குது.”

“ஃபேன் ஓடுதேம்மா.”

“கை நடுங்குது.”

“அது என் கைம்மா” என்றேன். பழக்க தோஷம், வாயில் வந்துவிட்டது. திரும்பிப் பார்த்தால் நடுங்கியது அவள் கை. நெற்றி முழுக்க வேர்வை. நாக்கு குழறியது. சர்க்கரை இறங்குகிறது.

நான் கத்தினேன். உதவியாளப் பெண் ஓடி வந்தாள். அடுப்பு மூட்டாத சமையலறை பூட்டிக் கிடந்தது. சாவியோடு சமையற்காரி பிரியாணி வண்டியை எதிர்பார்த்துக் கேட்டுக்குப் போயிருந்தாள். உதவியாளப் பெண் சுற்றுமுற்றும் பார்த்தாள். அப்புறம் மேசைக்குப் போய், பெயர் எழுதி ரோஜாப்பூ வைத்திருந்த அந்த கேக்கில் ஐந்து விரலையும் விட்டு ஒரு பிடி அள்ளினாள். கிரீமை மட்டும் வழித்து என் மனைவியின் கன்னத்துக்குள் தடவினாள். “முழுங்கும்மா, முழுங்கு, கொஞ்சமா” என்றாள். திரும்பப் போய் இன்னொரு பிடி.

அந்த நேரம் பார்த்துப் பேத்தி வந்தாள். வாசலில் நின்று கேக்கைப் பார்த்தாள். அவள் போட்ட கூச்சல் ஜவ்வாது மலை மேலே கேட்டிருக்கும். குழந்தை, அதைச் சொல்லிக் குற்றமில்லை. அவளுடைய பாட்டி, “கேக்க ஏன் தொட்டீங்க? ஒரு வார்த்த கேக்கக் கூடாதா?” என்று கேட்டதுதான் இன்னும் என் காதில் இருக்கிறது. யாரைக் கேட்பது? என் மனைவி நாற்காலியில் தலை தொங்கிக்கொண்டிருந்தாள்.

பிழைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் கண்ணைத் திறந்து, “இன்னா, சுள குடுத்தீங்களா?” என்றாள். பிரியாணியும் வந்து சேர்ந்தது. எல்லோரும் சாப்பிட்டார்கள். நானும் சாப்பிட்டேன். மறைப்பானேன், நன்றாகவே இருந்தது.

அடுத்த வாரம் செயலாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் ஏதாவது பேசி மாற்றியிருக்கலாம்.

“டாக்டர்கிட்ட பேசினேன் மாஸ்டர். அம்மாவுக்கு சுகர் நிலையா இல்ல. இப்படி ஏறி எறங்கறவங்களுக்கு உதவியாளர் போடக்கூடாதுன்னுதானே கமிட்டி சொல்லியிருக்கு.”

“நிலையா இல்லாதது சுகர் இல்ல சார். சோறு வர்ற நேரம்.”

இந்த ஒன்றுக்கு மட்டும் அவர் சிரிக்கவில்லை. இது ஜோக் இல்லை என்பது அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். “நான் அம்மா நல்லதுக்குத்தான் சொல்றேன்” என்றார். அதிலும் பொய் இல்லை. ஒருவன் நல்லது நினைத்தே உங்களைக் கொல்லலாம். எதிர்த்துப் பேச இடமே இருக்காது.

“அப்ப பழைய மாதிரி நானே போடறேன். நான் குடும்பத்தாரு.”

“வேணாம் மாஸ்டர். அதையும் எடுத்துட்டோம்.”

குடும்பத்தார் கையை விதியிலிருந்தே எடுத்துவிட்டார்கள். என் கையைப் பார்த்துத்தான் எடுத்தார்களாம். ஒரு விதியைத் திருத்த வைத்த கை என்று நான் பெருமைப்பட்டுக்கொள்ளலாம்.

வேன் வந்து அவளைக் கூட்டிப் போனது. ஏறும்போது, “மருந்து ஒழுங்கா போட்டுக்குங்க. பழத்த அளவா துன்னுங்க” என்றாள். “நீயும் அங்க யாரையும் திட்டாத” என்றேன். வேனில் ஒரு கை அவளைத் தாங்கி ஏற்றிவிட்டது. அந்த மலைப்பெண்தான். அவள் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

உதவியாளர்கள் ஊசி போடலாம் என்ற அனுமதி எங்கள் இல்லத்தில் இன்னமும் இருக்கிறது. நிலையான சர்க்கரை உள்ளவர் இங்கே ஒரே ஒருவர், ஓய்வு பெற்ற ஒரு தாசில்தார். அவர் முன்னெல்லாம் தனக்குத்தானே குத்திக்கொண்டிருந்தார். நல்ல கண், நல்ல கை. இப்போது மணியடித்ததும் சட்டையைத் தூக்கிக்கொண்டு பேப்பர் படிக்க ஆரம்பிக்கிறார். உதவியாளப் பெண் போய்ப் போட்டுவிட்டு வருகிறாள். “ஒண்ணுமே தெரியல, பூ மாதிரி போடுது” என்று எல்லோரிடமும் சொல்கிறார். என்னிடமும் சொன்னார்.

கண்ணமங்கலத்துக்குப் பஸ் மாறி மாறிப் போனேன். பார்வையாளர் கூடத்தில் மனைவியை அழைத்து வந்து உட்கார வைத்தார்கள். கொஞ்சம் இளைத்திருந்தாள். கையைக் கொடுத்தேன், மடியில் வைத்துக்கொண்டாள்.

“நர்சு நல்லா போடறாங்களா?” என்று கேட்டேன்.

அவள் அக்கம்பக்கம் திரும்பினாள். பார்க்கத்தான் முடியாதே, காது கொடுத்துக் கேட்டாள். யாரும் இல்லை என்று தெரிந்ததும் குனிந்தாள்.

“நர்சு முன்னாடி கட்டடத்துல இருக்காங்க. இவ்ளோ பேருக்கு அவங்க ஒருத்தங்க எங்க வர்றது? பாத்திரம் கழுவுது பாருங்க, அந்தப் பொண்ணுதான் போடுது.”

“அது எங்க படிச்சிது?”

“எங்கயும் படிக்கல. பாத்துப் பாத்துப் போடுது. மொத மொத கொஞ்சம் வலிச்சிது.”

நான் எழுந்தேன். எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் போயிற்று. அவள் என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

“இன்னாங்க, உக்காருங்க. போய் வாயத் தொறக்காதீங்க. இங்கேர்ந்தும் அனுப்பிட்டா நான் எங்க போவேன்?”

உட்கார்ந்தேன். நான் எழுதும் இந்தப் பக்கங்களில் யார் பெயரும் இல்லாததற்கு அதுதான் காரணம். கண்ணமங்கலம் பக்கத்தில் இல்லங்கள் நிறைய இருக்கின்றன. எந்த இல்லம் என்று தேடிக்கொண்டு யாரும் போக வேண்டாம்.

புறப்படும்போது வாசலில் அந்த நர்ஸே எதிரே வந்தார். வெள்ளை உடுப்பு, களைத்த முகம், கையில் ஒரு கொத்துச் சாவி.

“அம்மாவப் பாத்தீங்களா ஐயா? எல்லாம் திருப்தியா இருக்கா?”

“ரொம்பத் திருப்தி சிஸ்டர்” என்றேன். கையை இரண்டு பக்கமும் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.